முதல் புல்லட்டினுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வணக்கங்க. ஈரோட்டில் ஒரு உள்ளூர் சேனலில் செய்தி வாசிக்க என்னை எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் புல்லட்டின். கேமராவைப் பார்த்துக்கொண்டே எப்படிப் படிக்கிறார்கள்? அதற்கு முன் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்? என் பேச்சில் கோபிசெட்டிபாளையத்து இழுவை உண்டு. அது இடைஞ்சலாகுமா?

பதில்: ரொம்ப சந்தோஷம் அம்மிணி. கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். கீழே உள்ள திரையில் எழுத்துகள் இடவலம் மாறி ஓடும். கண்ணாடியில் பட்டு உங்களுக்கு நேராகத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. இதுதான் டெலிப்ராம்ப்டர். அதை ஓட்டுபவர் உங்கள் வேகத்துக்குத்தான் ஓட்டுவார், அவசரப்பட வேண்டாம்.

தயாரிப்பில் பெரும்பங்கு செய்திப் பிரிவு மேசையில் நடக்கிறது. சீக்கிரமே போய் ரன்டவுனை வாங்குங்கள்: எது முதல் செய்தி, எங்கே காட்சி ஓடும், எங்கே பைட் (பேட்டித் துணுக்கு) வரும் என்று அதில் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு செய்தியையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் நாக்கு எங்கே இடறும் என்று தெரியவே தெரியாது. 'கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறப்பு', 'கிழங்கு மஞ்சள் விலை உயர்வு' இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், புரியும். பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. என்று இருந்தால், 'முப்பத்திரண்டு புள்ளி எட்டு' என்று எழுத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துத் தடுமாறாதவர்களே கிடையாது. மூச்சு முட்டும் நீள வாக்கியத்தை உதவி ஆசிரியரிடம் சொல்லி உடைத்து வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை.

ஊர்ப்பெயரையும் சரிபாருங்கள். சிவகிரி ஈரோடு மாவட்டத்திலும் உண்டு, தென்காசி மாவட்டத்திலும் உண்டு. சந்தேகம் வந்தால் செய்தியாளருக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இழுவைக்கு வருவோம். நம் பக்கத்துப் பேச்சில் வாக்கியக் கடைசி நீளும். செய்தியில் வினைச்சொல் சட்டென்று இறங்கி முடிய வேண்டும். போனில் பதிவு செய்து, வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் கவனித்துத் திருத்துங்கள். மற்றபடி உங்கள் பேச்சை மாற்றவே வேண்டாம். நேரலையில் ஒரு விவசாயியிடம் 'தண்ணி வந்துருச்சுங்களா' என்று நீங்கள் கேட்டால் அவர் மனம்விட்டுப் பேசுவார். அது பயிற்சியில் வராது.

பின்னணித் திரை பச்சையாக இருந்தால் பச்சைப் புடவை கூடாது, பச்சை பார்டரும் கூடாது. அந்த இடத்தில் பின்னணிப் படம் தெரியும். நெருக்கமான கட்டம் போட்ட துணி திரையில் அலையடிக்கும். வளையல் சத்தம் மைக்கில் விழும்.

பலரும் திணறுவது காதுக்கருவியில்தான். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பாளர் அதில் 'பத்து, ஒன்பது, எட்டு' என்று மீதி நொடிகளை எண்ணுவார். வீட்டில் யாரையாவது காதருகே எண்ணச் சொல்லிவிட்டு நாளிதழை உரக்கப் படித்துப் பழகுங்கள்.

செய்திகளை வரிசைப்படி அச்செடுத்து மேசையில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், புரட்டும் சத்தம் கேட்கும். ஒரு செய்தி முடிந்ததும் அந்தத் தாளை ஓசையில்லாமல் நகர்த்திவிடுங்கள். ப்ராம்ப்டர் நடுவில் நின்றாலும், குனிந்ததும் சரியான தாள் கண்ணில் படும்.