வெயிலில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வைசர்: கேட்டவர்களுக்குப் பதில்

போன கிழமை நான் செய்த விண்வெளி வீரர் ஹெல்மெட்டின் படத்தைப் போட்டதில் இருந்து எல்லோரும் கேட்பது அதன் வைசரை, முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடியைப் பற்றித்தான். வீட்டுக்குள் தெளிவாக இருந்து வெயிலில் கறுக்கிற போட்டோக்குரோமிக் வைசர் அது. தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெஹிவளையில் இருந்து ஒரு தம்பி: "அண்ணா, நானும் அப்படி ஒரு படலம் வாங்கி ஒட்டினேன். காமிக் கான் (வேடமிட்டு வருகிற ரசிகர் விழா) மண்டபத்துக்குள் முழு நாளும் கறுக்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?"

இல்லை தம்பி, சாமான் நல்லதாகத்தான் இருக்கும். அது வெளிச்சத்துக்குக் கறுப்பதில்லை, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற ஊதாக் கதிருக்குத்தான் கறுக்கிறது. படலத்தில் இருக்கும் சாயத்தின் மூலக்கூறு இரண்டு பாதியாக, ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும், அப்போது நிறமில்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் நடுவில் ஒரு பிணைப்பு உடைந்து மூலக்கூறு தட்டையாக விரியும், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கத் தொடங்கும். மண்டபத்து எல்ஈடி விளக்கில் புற ஊதாக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், மேடை விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தாலும் ஒன்றும் நடக்காது. இதே போல வெயிலில் கறுக்கிற மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், காருக்குள் சரியாகக் கறுப்பதில்லை என்பார்கள். காரின் முன் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடுகிறது.

சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அதன் மேல் ஐந்து ரூபாக் குத்தி ஒன்றை வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் குத்தியை எடுத்தால் கறுத்த படலத்தின் நடுவில் வட்டமாக ஒரு வெளிறிய அடையாளம் இருக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கறுத்து மறையும். குழல் விளக்கின் கீழ் அதையே செய்து பாருங்கள், அடையாளமே விழாது. வாங்குமுன் இப்படி ஒரு சின்னத் துண்டில் பார்த்துவிடுவது நல்லது.

"காலிமுகத்திடலில் மத்தியானம் நின்றேன். கறுத்தது, ஆனால் விற்றவர் வீடியோவில் காட்டிய அளவுக்கு இல்லையே?"

வெப்பம்தான் காரணம். விரிந்த மூலக்கூறைத் திரும்ப மூடுவது சூடு. கதிர் திறக்கும், சூடு மூடும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற இழுபறி அது. கொழும்பில் கதிருக்குக் குறைவே இல்லை, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன் சூரியன் நேரே நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் வெளியே 31, 32 பாகை வெயில், உள்ளே உங்கள் மூச்சின் சூடு, அதனால் மூடுகிற கை ஓங்கிவிடுகிறது. அதே வைசரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் இன்னும் நன்றாகக் கறுக்கும். குளிர்நாட்டில் எடுத்த வீடியோவை நம்பி இங்கே வாங்கினால் ஏமாற்றம்தான். வீடியோவில் தெரிவதைவிட ஒரு படி வெளிறலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

"பஞ்சிகாவத்தையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் வைசரின் உட்பக்கத்தில் ஒட்டினேன், கறுக்கவில்லை."

வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த வைசரைச் செய்திருக்கும் பொலிகாபனேற் பிளாஸ்ரிக்கே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். துடைக்க அசிட்டோன், தின்னர் எதையும் எடுக்காதீர்கள். நான் ஒரு முறை எடுத்தேன், வைசர் முழுவதும் சிலந்தி வலை போல வெடிப்பு விழுந்தது. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

"ரீஷேர்ட்டுக்கு அடிக்கிற, வெயிலில் நிறம் மாறும் தூளை ரெசினில் கலந்து நானே வார்க்கலாமா அண்ணா?"

முயற்சி நல்லது, வைசருக்குச் சரிவராது. அந்தத் தூள் என்பது சாயத்தை அடைத்த நுண்ணிய குமிழிகள். ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும், பால் ஊற்றினது போல மங்கலாகும். ஹெல்மெட்டின் பக்கப் பட்டிகளுக்குப் பூசுங்கள், வெயிலில் வடிவாக இருக்கும்.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி: "மண்டபத்துக்குள்ளேயே கறுக்க வேண்டும் என்றால்? வெல்டிங் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கழற்றிப் போடலாமா?"

அது திரவப் படிகக் (எல்சிடி) கண்ணாடி தங்கச்சி, இலத்திரனியலால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் கறுக்கும். ஆனால் கறுக்காத நிலையிலேயே அது நல்ல கூலிங் கிளாஸைவிட இருட்டு. மண்டபத்துக்குள் போட்டால் முன்னால் நிற்கிற பிள்ளை தெரியாது. அதைவிட லேசான திரவப் படிகத் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றை ஒளி உணரி ஒன்றுடன் சிறிய சேர்க்கிட்டில் இணைக்கலாம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் சேர்க்கிட் சாமான்கள் அகப்படும். இரண்டு விஷயம் கவனியுங்கள். நேர் மின்னோட்டத்தை நெடுநேரம் கொடுத்தால் படிகம் கெட்டுவிடும், முனைகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சேர்க்கிட் வேண்டும். அடுத்தது, அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் பவர் பாங்க் "ஒன்றும் இணைக்கவில்லை" என்று நினைத்து அணைந்துவிடும். காற்றுக்கு வைக்கிற 40 மில்லிமீற்றர் விசிறியையும் அதே பவர் பாங்க்கில் மாட்டினால் பெரும்பாலும் அந்தப் பிரச்சினை தீரும். கண்ணாடி தட்டை, வளையாது. கண் பகுதி தட்டையாக வருகிற ஹெல்மெட்டுக்குத்தான் பொருந்தும், விண்வெளிக் கோளத்துக்குப் பொருந்தாது.

தயவுசெய்து அலுவலகங்களில் கண்ணாடிச் சுவருக்கு ஒட்டுகிற "ஸ்மார்ட் பிலிம்" வாங்காதீர்கள். அது கறுக்காது, வெள்ளையாக மங்கும். மின்சாரம் போனால் வெளியே ஒன்றும் தெரியாது, அத்தோடு பல வகைகளுக்கு 60 வோல்ற் போல மாறு மின்னோட்டம் வேண்டும். வியர்த்த முகத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவருவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

"எனக்கு வேண்டியது முகம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

அப்படியென்றால் மாறுகிற கண்ணாடியே தேவையில்லை. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் இதுதான் தேவை என்று எனக்குப் படுகிறது. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்றால் சாதாரண நிறக் கண்ணாடியே போதும். ஹெல்மெட்டின் உட்பக்கம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்புத் துணி ஒட்டுங்கள், மூக்குக்குக் கீழே கறுப்பு முகமூடி போடுங்கள், விசிறியின் சின்னப் பச்சை விளக்கைக்கூட ரேப்பால் மூடுங்கள். அந்த ஒரு விளக்கு என் தாடையைக் காட்டிக்கொடுத்தது. அப்பலோ வீரர்களின் தங்கப் பூச்சு வைசர் போல வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சுப் படலம் இருக்கிறது, வெளிச்சம் வெளியே கூடுதலாக இருக்கும்வரை அது முகத்தை மறைக்கும்.

"ஏசி மண்டபத்தில் இருந்து வெளியே வந்ததும் வைசர் புகார் படிந்தது போல மங்கிவிடுகிறது."

குளிர்ந்த வைசரில் கொழும்புக் காற்றின் ஈரம் படிவதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, மென்துணியால் தேய்த்துவிடுங்கள்.

ஒரு அக்கா: "மகன் இதைப் போட்டுக்கொண்டு வெளியே ஊர்வலம் போய்விட்டு உள்ளே வருவான். பயமில்லையா?"

அக்கா, கேட்டது நல்லது. கறுக்க ஒரு நிமிடம் போதும், தெளிய பல நிமிடம் எடுக்கும், ஏசி குளிரில் இன்னும் கூட. வெயிலில் இருந்து உள்ளே வந்தவுடன் அவனுக்குப் படிக்கட்டு சரியாகத் தெரியாது. வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறவும் விடாதீர்கள். நுரை மட்டையில் செய்த ஹெல்மெட் தலையைக் காக்காது.