ஹிங்ஹாம் மூதாதை: 1609ஆ, 1610ஆ?

வணக்கம் சகோதரி. உங்கள் கணவர் வழி மூதாதை 1630களில் மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமில் குடியேறியவர். அவருடைய ஞானஸ்நானம் ஓரிடத்தில் பிப்ரவரி 1609, இன்னோரிடத்தில் 1610 என்று இருப்பதால் இருவேறு ஆட்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கு மார்ச் 25 அன்றுதான் மாறும். தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினால் டிசம்பர் 1609க்கு அடுத்து ஜனவரி 1609 வரும், பிப்ரவரியும் 1609தான். நம் கணக்கில் அது 1610. குழம்பாமலிருக்க 1609/10 என்று குறித்து வையுங்கள்.

அப்புறம், சொந்த ஊரை முதலில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹிங்ஹாமில் தேடுங்கள். அங்கிருந்து கூட்டமாகப் போனவர்கள்தான் புது ஊருக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஆபிரகாம் லிங்கனின் மூதாதை சாமுவேல் லிங்கனும் 1637இல் அந்தப் பக்கமிருந்து போனவர்தான். பழைய பதிவேடுகள் நார்விச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பெயர் பொருந்தியதும் சேர்த்துவிடாதீர்கள். அடக்கப் பதிவையும் பாருங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருந்தால் கப்பலேறியவர் வேறு ஆள். தகப்பனார் உயில் கிடைத்தால் விடாமல் படியுங்கள். ‘நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் அடங்கிய பகுதி) இருக்கும் என் மகனுக்கு’ என்று ஒரு வரி இருந்தால் அதைவிட நல்ல சான்று வேண்டாம்.