வாசகர் கேள்விகள்: பழைய மினி டிரக்கின் ஆக்ஸில் பாகங்கள்

கேள்வி: எங்களிடம் 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் தயாரான டைஹட்சு ஹைஜெட் மினி டிரக் இருக்கிறது, நான்கு சக்கர இயக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று கேட்கிறது. ஆக்ஸில் வாங்கப் போனால் 17 இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். வண்டியில் அப்படி ஒரு எண்ணே இல்லையே?

பதில்: இருக்காது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரான வண்டிகளுக்கு 17 இலக்க எண் கிடையாது. சேசிஸ் எண் மட்டும்தான் உண்டு. முன்பாதி மாடல் குறியீடு, நடுவில் ஒரு சிறு கோடு, அப்புறம் வரிசை எண். உங்கள் வண்டியில் அது ‘எஸ்83பி’ (S83P) என்று தொடங்கலாம். எஸ்82பி என்றால் பின்சக்கர இயக்கம் மட்டும். எஸ்83பி நான்கு சக்கர இயக்கம். ஹோண்டா ஆக்டியில் எச்ஏ3, எச்ஏ4 என்றும், சுபாரு சாம்பரில் கேஎஸ்3, கேஎஸ்4 என்றும் இதே பிரிவு வரும். ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அதைத் தவறாகச் சொன்னால் முன் ஆக்ஸிலே இல்லாத வண்டியின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தகட்டில் எண் தேய்ந்திருந்தால் சேசிஸில் பொறித்ததைத் தேடுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். வரிசை எண்ணையும் விட்டுவிடாதீர்கள். ஒரே மாடலுக்குள் இடையில் பாகம் மாறியிருந்தால், பட்டியல் அதை உற்பத்தி மாதத்தை வைத்தோ வரிசை எண்ணை வைத்தோதான் பிரிக்கும்.

சேசிஸ் எண்ணிலிருந்து பாக எண் கிடைக்கும். டைஹட்சுவில் அது ஐந்தைந்து இலக்கமாக இரண்டு தொகுதி. பின் தொகுதி பல நேரம் 87 என்று தொடங்கும். பழைய எண் நிறுத்தப்பட்டு வேறு எண் வந்திருக்கலாம். அதனால் ‘இந்த எண் இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால், ‘இதற்கு மாற்று எண் உண்டா’ என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முழு ஆக்ஸில் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. திருப்பும்போது வரும் அந்த ஒலி பெரும்பாலும் சக்கரப் பக்கத்து வெளி சி.வி. ஜாயிண்டுடையது; சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு அது. மண் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு மெதுவாக வட்டமடியுங்கள். ஒலி கூடினால் சந்தேகம் உறுதி. வெளி ஜாயிண்ட் தனியாகவே விற்கிறது, அதை வாங்க மாடல் பெயர்கூடத் தேவையில்லை. மூன்று அளவு போதும்: ஹப்புக்குள் போகும் முனையில் எத்தனை பல், ஷாஃப்ட் நுழையும் துளைக்குள் எத்தனை பல், ஆயில் சீல் உட்காரும் இடத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர். பல்லை எண்ணும்போது ஒன்றில் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டு இரண்டு முறை எண்ணுங்கள். ஒரு பல் பிசகினாலும் ஜாயிண்ட் ஏறாது.

முழு ஷாஃப்டாக வாங்குவதானால் நீளமும் வேண்டும். இடமும் வலமும் பல வண்டிகளில் ஒரே நீளமில்லை. ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தால் எது வலமோ அதுதான் பட்டியலில் வலம். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்துச் சொல்லித் தவறான பக்கத்தை வாங்கி வருவது அடிக்கடி நடக்கிறது. புதியது வந்து பொருந்தும்வரை பழையதை இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்.

கேள்வி: பின் ஆக்ஸில் ஆயில் சீல் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடியும் ஒழுகி, பிரேக் ஷூ நனைந்துவிட்டது. சீல் போலியா?

பதில்: சீலைக் குறை சொல்வதற்கு முன் ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரைப் பாருங்கள். ஓட ஓட டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) சூடாகி உள்ளே காற்று விரியும். அது வெளியேறும் சிறு வழி சேற்றில் அடைத்துக்கொண்டால், அழுத்தம் ஆயிலைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளும். புது சீலும் அதே கதிதான். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள்.

அடுத்தது பேரிங். அது தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்த சீலும் நிற்காது. பேரிங்கின் விளிம்பில் எண் இருக்கும். 6207 என்றால் கடைசி 07-ஐ 5 ஆல் பெருக்க 35 மி.மீ. உள்விட்டம், வெளிவிட்டம் 72, அகலம் 17. இந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், வண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மூடி உண்டா, உள்ளே இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில்தான். சீலுக்கும் இப்படியே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்.

பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. கிரைண்டரால் முக்கால் ஆழம் வெட்டி, உளியால் ஓர் அடி அடித்தால் பிளந்துவிடும். கிரைண்டர் தகடு ஷாஃப்டைத் தொட்டுவிடக் கூடாது; அந்தக் கீறலில்தான் பின்னாளில் முறியும். புது பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளி வளையத்தை அழுத்தினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, முதல் நாளே முனகத் தொடங்கும்.

சீல் உட்காரும் இடத்தில் நகம் சிக்குமளவு பள்ளம் இருந்தால் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போடலாம். ஹவுசிங்கில் இடமிருந்தால் சீலை ஒன்றரை மி.மீ. தள்ளி உட்கார வைத்தாலும் உதடு புது இடத்தில் பிடிக்கும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். நனைந்த ஷூவைக் கழுவிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

கேள்வி: வேறு கம்பெனி வண்டியின் பாகம் பொருந்துமா?

பதில்: சிலவற்றில் பொருந்தும், காரணம் அவை பெயர் மாறிய அதே வண்டிகள். மாஸ்டா ஸ்க்ரம் உண்மையில் சுசுகி கேரிதான். 2003-ல் வந்த நிஸான் கிளிப்பர் அப்போது மிட்சுபிஷி மினிகேப். இத்தாலியில் 1992 முதல் பியாஜியோ தயாரித்த போர்ட்டர், ஹைஜெட்டை உரிமம் பெற்றுச் செய்தது. பழைய கேரியை வைத்து வந்ததே மாருதி ஆம்னி. தேடும்போது இந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

ஆனால் பெயரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எஞ்சின் பெரிதானால் டிஃபரன்ஷியல் விகிதம் மாறியிருக்கும், பிரேக் டிரம்மும் மாறியிருக்கலாம். விற்பவரிடம் வெர்னியர் அளவுகோல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பழைய ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் வண்டியில் எஞ்சின் பின்பக்கம்தான். பின்சக்கரத்துக்கும் சி.வி. ஜாயிண்ட் வைத்த ஷாஃப்டே போகிறது. மேலே சொன்ன ஹவுசிங், வளையம் எதுவும் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பழைய டிஃபரன்ஷியல் ஒன்று கிடைத்திருக்கிறது. விகிதம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: திறந்து பார்க்க முடிந்தால் கிரவுன் (பெரிய பல்சக்கரம்) பல்லைப் பினியன் (சிறிய பல்சக்கரம்) பல்லால் வகுங்கள். 41-ஐ 8 ஆல் வகுத்தால் 5.125. திறக்க முடியாவிட்டால், ஒரு பக்க ஷாஃப்டை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டிகளில் சிறு வேறுபாடும் ஷாஃப்டுகளை ஒன்றுக்கொன்று முறுக்கும். முன்னொரு அளவு, பின்னொரு அளவு டயர் போட்டாலும் இதே கேடுதான்.

கேள்வி: சி.வி. ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையான பூட் மட்டும் கிழிந்திருக்கிறது. ஆக்ஸிலையே மாற்றணுமா?

பதில்: உள்ளே இருக்கும் கிரீஸை இரண்டு விரலுக்கிடையில் தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் கழுவி, புது பூட்டும் அதனுடன் வரும் கிரீஸ் பொட்டலம் முழுவதும் போடுங்கள். நறநறவென்றால் மணல் போய்விட்டது, ஜாயிண்டையே மாற்றிவிடுங்கள்.