கணினிக் கேள்வி–பதில்: அறுந்தது வேறு, சேராதது வேறு

கேள்வி: சென்னை ஆபீஸ் வேலையைத் தேவகோட்டையில் ஆயா வீட்டில் இருந்து பார்க்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ்; ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர ஓபன்விபிஎன். காலையில் ஒழுங்காகச் சேரும். கரண்ட் போய் வந்தால் அறுந்துவிடும். வைஃபை திரும்பிய பிறகும் சேராது. லாகில் முதலில் ‘இன்ஆக்டிவிட்டி டைம்அவுட்’, பிறகு ‘கேனாட் ரிசால்வ் ஹோஸ்ட் அட்ரஸ்’. அப்போது ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 10.20.0.2 என்ற ஆபீஸ் டிஎன்எஸ் எண் நிற்கிறது. வீட்டுச் சுவர்தான் காரணம் என்கிறார் மாமா. உண்மையா? – வாசகி, தேவகோட்டை

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. காரைக்குடியில் என் கடையும் அந்தக் காலத்து வீட்டில்தான். முகப்பில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் செத்துப்போகும். ஆனால் சுவரோ கரண்டோ விபிஎன்னை அறுக்கத்தான் முடியும். அந்தப் பழி லாகின் முதல் வரியோடு (பதில் வராமல் இணைப்பு அறுந்தது) முடிந்தது. திரும்பச் சேரவிடாமல் தடுப்பது இரண்டாம் வரியில் (சர்வரின் முகவரி கிடைக்கவில்லை) இருக்கிறது. அது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கேட்டால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவையின் கோளாறு.

எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று லினக்ஸ் பார்க்கும் இடம் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு. விபிஎன் சேர்ந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் அதில் ஆபீஸ் எண்ணை எழுதிவிடுகிறது. 10-இல் தொடங்கும் அந்த எண்ணை விபிஎன் போடும் சுரங்கத்தின் வழியாகத்தான் எட்ட முடியும். சுரங்கம் அறுந்த பிறகும் எண் அங்கேயே நிற்கிறது. ஆபீஸ் தந்த ஓபன்விபிஎன் கோப்பில் ‘பெர்சிஸ்ட்-டன்’ என்ற வரி இருக்கும், பாருங்கள். அது இருந்தால் மறுமுயற்சியின்போது பழைய எண்ணைத் திருப்பி எழுதும் ஸ்கிரிப்ட் ஓடாது. ஆபீஸ் சர்வரின் முகவரியைக் கேட்க அறுந்துபோன சுரங்கத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துப் பூட்டிய கதை.

கைவைத்தியம் ஒன்று: அதே ஓபன்விபிஎன் கோப்பில் ‘பெர்சிஸ்ட்-ரிமோட்-ஐபி’ என்று ஒரு வரி சேருங்கள். கடைசியாகச் சேர்ந்த சர்வரின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பெயர் கேட்காமலே போகும்.

ஆபீஸ் எண்ணுக்குப் பதிலாகக் கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 போடச் சொல்லி யாராவது வருவார்கள். போடாதீர்கள். ஆபீஸின் உள்தளப் பெயர்கள் கூகுளுக்குத் தெரியாது. இரண்டு எண்களையும் எழுதி 8.8.8.8-ஐ மேலே வைத்தாலும் பயனில்லை: முதலாமவர் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிட்டால் லினக்ஸ் இரண்டாமவரிடம் கேட்காது.

நிரந்தர வழி பெயர்களைப் பிரித்து விடுவது: ஆபீஸ் பெயர்களை ஆபீஸ் டிஎன்எஸ்ஸிடமும் மற்றவற்றை வீட்டு ரவுட்டரிடமும் கேட்க வைப்பது. அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு, ஆபீஸ் தந்த கோப்பை உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங்ஸில் இம்போர்ட் செய்யுங்கள். ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.53 (உபுண்டுவுக்குள்ளேயே இருக்கும் டிஎன்எஸ் சேவையின் எண்) திரும்ப வந்திருக்க வேண்டும். ஐபிவி4 பக்கத்தின் அடியில், இந்த இணைப்பை அதன் நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். சில ஆபீஸ்களில் இதை அனுமதிப்பதில்லை; முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு டெர்மினலில் ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடித்தால், டன்0-வின் (விபிஎன் சுரங்கத்தின் பெயர்) கீழ் ஆபீஸ் டிஎன்எஸ்ஸும் ஆபீஸ் டொமைனும் (ஆபீஸ் பெயர்களின் பொதுவான பின்பகுதி), வைஃபையின் கீழ் ரவுட்டரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். டொமைன் வராவிட்டால் ஆபீஸ் ஐடி ஆட்களிடம் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு, ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.