பாடாத கார் ரேடியோவுக்காக டேஷ்போர்டை வெட்டலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் எங்கள் வீட்டில் ஓட்டத்தில் இருக்கிறது. அவர் அப்போதே போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவும் அதில் அப்படியே இருக்கிறது. ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, 'உஸ்' என்று இரைச்சல் வருகிறது, ஆனால் ஸ்டேஷன் எதுவும் எடுக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் காட்டினோம். "இது இனி தேறாது சார். டேஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டிப் புளூடூத் செட் போட்டுடலாம். பழசை நானே எடுத்துக்கிட்டு பில்லில் கழிச்சுக்கிறேன்" என்கிறார். பையனுக்குப் பாட்டு வேண்டும். அம்மாவோ ரேடியோவைத் தொடக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: டேஷ்போர்டை வெட்ட விடாதீர்கள், பழைய ரேடியோவையும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம். இப்போதைய செட்டுகளுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் திறப்பு வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது டயலுக்கு ஒரு சின்னத் திறப்பும் குமிழ்களுக்கு இரண்டு துளைகளும்தான். வெட்டினால் வெட்டியதுதான். சென்னையில் தயாரான ஹெரால்டு 1970களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது, மாற்று டேஷ்போர்டுக்கு எங்கே போவீர்கள்?

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் ரேடியோ செத்துப்போனதாகத் தெரியவில்லை. விளக்கு எரிகிறது என்றால் கரண்ட் வருகிறது. இரைச்சல் கேட்கிறது என்றால் ஸ்பீக்கரும் அதை ஓட்டும் பகுதியும் வேலை செய்கின்றன. கோளாறு பெரும்பாலும் ஏரியலில் (ஆன்டெனாவில்) இருக்கும், இல்லாவிட்டால் ஸ்டேஷனைப் பிடிக்கும் முன்பகுதியில் இருக்கும்.

முதலில் ஏரியலைப் பாருங்கள். மட்கார்டில் அது நிற்கும் இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே வயர் பச்சை பூத்துப்போவது நம் பக்கத்து ஈரக்காற்றில் சாதாரணம். ஏரியல் பிளக்கை உருவிவிட்டு, அந்தச் சாக்கெட்டின் நடுத்துளையில் இரண்டு மூன்று மீட்டர் வயரைச் செருகி வெளியே தொங்க விடுங்கள். முள்ளைத் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். டயலில் மீட்டர் கணக்கு (அலைநீளம்) போட்டிருந்தால் 320-ஐ ஒட்டி வரும். டெல்டா தட்டையான பூமி, வயல் மண்ணில் ஈரமும் அதிகம். மீடியம் வேவ் அலை இப்படிப்பட்ட நிலத்தில் நன்றாக ஓடும் என்பதால், பகலிலேயே மன்னார்குடியில் திருச்சி கேட்க வேண்டும். அப்போது வண்டியில் மொபைல் சார்ஜர் எதுவும் செருகியிருக்கக் கூடாது. அதன் இரைச்சலே ஸ்டேஷனை மூடிவிடும்.

வயரில் கேட்டுவிட்டால் ஏரியலை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பிறகு, சாக்கெட் பக்கத்தில் இருக்கும் சின்ன டிரிம்மர் திருகை, அதாவது செட்டை ஏரியலோடு ஒத்துப்போக வைக்கும் திருகை, சரிசெய்யச் சொல்லுங்கள். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, இரைச்சல் எங்கே தூக்கலாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு "புது ஏரியலும் சரியில்லை" என்பார்கள்.

வயரிலும் கேட்கவில்லையா? அப்போது செட்டைத் திறக்க வேண்டும். அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றில் ஏஎஃப் 115, ஏஎஃப் 117 வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். மாத்திரை அளவு உலோகக் கூடு, நான்கு கால்கள். நாளாக ஆகக் கூட்டுக்குள் மயிரிழை மாதிரி வெள்ளீயம் வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆகிவிடும். கூட்டோடு சேர்ந்த அந்த ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டாலே சில சமயம் ஸ்டேஷன் திரும்ப வந்துவிடும். அப்புறம், காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்ற வேண்டும். இது கார் ஆக்சஸரீஸ் கடை வேலையே இல்லை. வால்வு செட், டிரான்சிஸ்டர் செட் பார்த்துப் பழகிய பெரியவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்னும் இருப்பார்கள், விசாரித்துப் போங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள்: பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிடிவ்தான் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த முனை. இடையில் யாராவது ஆல்டர்னேட்டர் போட்டு நெகடிவ் எர்த்தாக மாற்றியும் இருக்கலாம். வண்டியும் ரேடியோவும் ஒத்துப்போகாவிட்டால் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். பாசிடிவ் எர்த் வண்டியில் புது புளூடூத் செட்டை அப்படியே மாட்டினாலும் ஷார்ட்தான். கடைக்காரர் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றால், அவரிடம் இந்த வண்டியை விடாதீர்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது செட்டையும் அதன் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் தோராயச் செலவு, "கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது", "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். தொலைத்துவிட்டாலோ கெடுத்துவிட்டாலோ அந்தச் சீட்டுதான் பேசும். பேசித் தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

பையன் விஷயத்துக்கு வருவோம். சரியானாலும் இந்த ரேடியோவில் மீடியம் வேவ் தவிர வேறு வராது. காரைக்கால் பண்பலையைக்கூட எதிர்பார்க்க முடியாது. அவருக்குச் சார்ஜ் செய்துகொள்ளும் நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிப் பின்சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். வண்டி வயரிங்கில் கைவைக்க வேண்டியதே இல்லை. ரேடியோவின் உள்பாகங்களை எடுத்துவிட்டுப் புளூடூத் போர்டு வைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். முகப்பு மாறாதுதான். ஆனால் ரிப்பேர் முடியவே முடியாது என்று இரண்டு பேர் சொன்ன பிறகு அதை யோசித்தால் போதும், எடுத்த பாகங்களையும் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் அம்பாசடருக்குப் பழைய ரேடியோ ஒன்று ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 'ஒர்க்கிங் கண்டிஷன்' என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விளக்கு எரியும் போட்டோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பீக்கர் மாட்டி, குமிழைத் திருப்ப முள் நகர்ந்து, ஒரு ஸ்டேஷனாவது பேசுவது தெரிய எடிட் செய்யாத வீடியோ கேளுங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எந்த எர்த் என்று எழுத்தில் வாங்குங்கள். குமிழ்களும் முகப்புத் தகடும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும், அவை தனியாகக் கிடைப்பது கஷ்டம். வீடியோ அனுப்பத் தயங்கினால் ரிப்பேர் செட்டுக்கான விலையை மட்டும் சொல்லுங்கள்.