மரத்தில் செதுக்கிய பறவைகளுக்கு வண்ணம் பூச எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்? விலை குறைந்த செட் போதுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பெரியப்பாவும் நானும் குமிழ மரத்தில் பறவைகள் செதுக்குகிறோம். ஒன்பது வருடமாக வண்ண வேலையில் ஏர்பிரஷும், அதாவது காற்றால் பெயிண்டைத் தெளிக்கிற பேனா போன்ற கருவியும், சேர்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏர்பிரஷைத் தேர்ந்தெடுக்கும் முன் அதற்குக் காற்றை அழுத்தித் தருகிற கம்பிரஸ்ஸரைப் பாருங்கள். கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும். நான் முதலில் வாங்கியது எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற செட். அதில் இருந்தது டேங்க் இல்லாத குட்டி கம்பிரஸ்ஸர். டேங்க் இல்லையென்றால் பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் ஹோஸ் வழியாக, பெயிண்ட் வெளிவருகிற முனைத் துளையான நாசில் வரைக்கும் வரும். மெல்லிய கோடு போடும்போது கோடு துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஈரத்தைப் பொறுக்க முடியாது. காற்றை அழுத்தினால் சூடாகும். ஹோஸில் போகும்போது ஆறும். ஆறுகையில் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும், அப்போது ஹோஸுக்குள் எவ்வளவு சேரும் என்று யோசியுங்கள். ஓர் ஆனி மாதம், வெண்மார்பு மீன்கொத்தி ஒன்றுக்கு முதுகு நீலத்தை முடித்துவிட்டு, கழுத்தோரம் பழுப்பை இழைத்துக்கொண்டிருந்தேன். நாசிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு தெறித்தது. வெள்ளை மார்பு நெடுக பழுப்பு ஓடிவிட்டது. மூன்று நாள் வேலை போனது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே 3 லிட்டர் அளவிலாவது டேங்க் உள்ள பிஸ்டன் கம்பிரஸ்ஸர், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர், தண்ணீரைப் பிடித்துவைக்க மாய்ஸ்சர் ட்ராப், இந்த மூன்றும் இருக்க வேண்டும். மழை மாதங்களில் ஏர்பிரஷுக்கு நேர் கீழே இன்னொரு சின்ன ட்ராப்பும் மாட்டிக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள்.

ஏர்பிரஷ் டபுள் ஆக்‌ஷனாக இருக்கட்டும். ட்ரிகரை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும். எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு. சிங்கிள் ஆக்‌ஷனில் பெயிண்டின் அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும், இறகு வேலைக்கு அது உதவாது. பெயிண்ட் ஊற்றுகிற கப் மேலே இருக்கிற வகை நல்லது. பெயிண்ட் தன் எடையிலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும், நாலு சொட்டு விட்டும் வேலை செய்யலாம். நாசில் 0.3 அல்லது 0.35 மி.மீ. வாங்குங்கள். 0.2 வேண்டாம். அதில் அக்ரிலிக் (தண்ணீரில் கரைக்கிற பெயிண்ட்) அடைத்துக்கொண்டே இருக்கும், புதிதாகப் பழகுகிறவருக்கு மனமே விட்டுப்போகும். பெரிய உருப்படிகள் நிறைய செய்தால் பிறகு 0.5 ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நான் இப்போது வைத்திருப்பது ஜப்பானின் இவாட்டா எச்பி-சிஎஸ், அது 0.35. எதை வாங்கினாலும் அதற்கு நாசிலும், அதற்குள் இருக்கிற ஊசியான நீடிலும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒருமுறை கீழே விழுந்தால் நீடில் முனை வளையும், அதோடு கோடு கோணலாகிவிடும்.

இனி மரம். பழகுகிற வீடியோக்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பொம்மையில் அடித்துக் காட்டுகிறார்கள். மரம் குடிக்கும். எதுவும் பூசாத மரத்தில் நேராக அக்ரிலிக் அடித்தால் தண்ணீர் பட்டு நார் எழுந்து, தடவினால் முள்ளாக இருக்கும். குறுக்கே வெட்டுப்பட்ட இடங்களான அலகு நுனி, வால் முனை, மார்பின் வளைவு எல்லாம் மற்ற இடத்தைவிட அதிகம் உறிஞ்சிக் கறுத்துப்போகும். நான் செய்வது இது: ஈரத் துணியால் துடைத்து நாரை எழுப்பிவிட்டு, காய்ந்ததும் 320-ஆம் நம்பர் உப்புத்தாள். பிறகு மரத்தின் துளைகளை அடைக்கிற சாண்டிங் சீலர் இரண்டு கை, குறுக்கு வெட்டுகளுக்கு மட்டும் மூன்றாவது. மறுபடி லேசாக உப்புத்தாள். பள்ளங்களில் நிற்கிற தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். தூளின் மேல் அடித்த பெயிண்ட் தூளோடு உதிரும்.

செட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பெரியப்பா சொன்னது: "காத்துல அடிக்கறது லாரிக்கும் பீரோவுக்கும் சரி சாமி. றெக்கைக்கு ஆகாது."

"ஒரு புறாவுக்கு மட்டும் அடிச்சுப் பாக்கறனுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. முழுப் பறவையையும் ஏர்பிரஷால் அடித்தால் பொம்மைக்கடைப் பொம்மையாகிவிடும். உளி போட்ட கோடுகள் எல்லாம் புகையில் மூழ்கியதுபோல மங்கும். அடி வண்ணத்தை நான் இன்றும் தூரிகையால்தான் பூசுகிறேன், பள்ளத்துக்குள் போவது அதுதான். அழுத்தம் கூடினால் காற்று பள்ளத்தில் மோதித் திரும்பும், பெயிண்ட் மேட்டில் மட்டும் உட்காரும். ஏர்பிரஷ் எதற்கு என்றால், ஒரு நிறம் இன்னொரு நிறமாக மாறுகிற இடத்துக்கு. புள்ளிப்புறாவின் மார்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது. அந்த இடத்தைத் தூரிகையால் கொண்டுவரப் பெரியப்பாவுக்கு ஒரு பகல் ஆகும். ஏர்பிரஷில் பத்து நிமிடம். அதன் பிறகு கழுத்துப் புள்ளிகளும் கண்ணும் மறுபடி தூரிகைக்கே.

பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். கப்பின் சுவரில் வழியவிட்டால் பால்போல ஒரு படலம் விட்டு இறங்க வேண்டும். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ (ரெகுலேட்டரின் மீட்டரில் காட்டும் அளவு). நிறம் இழைக்க ஐந்தாறு செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், கோட்டுக்கு இரண்டு செ.மீ. கை முதலில் நகரட்டும், பிறகு காற்று, பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது பெயிண்டை முதலில் மூடுங்கள், காற்று கடைசியில். இந்த வரிசை பழகாவிட்டால் கோட்டின் இரண்டு முனையிலும் குண்டு விழும். எட்டுக்கால் பூச்சிபோலக் கால் கால் விட்டு ஓடினால் பெயிண்ட் அதிகமாகிவிட்டது, அல்லது ரொம்பத் தண்ணியாகிவிட்டது. கப்பில் குமிழி வந்தால் நாசில் தளர்ந்திருக்கும், அல்லது அடைத்திருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் தொல்லை வேறு மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசுகிற வறண்ட காற்றில் நீடில் முனையிலேயே பெயிண்ட் காய்ந்து, திடீரென்று துப்பும். கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடுவேன், பெயிண்ட் சீக்கிரம் காயாமல் இருக்க இரண்டு சொட்டு ரிட்டார்டர் சேர்ப்பேன், அவ்வப்போது ஈரப் பஞ்சால் முனையைத் துடைப்பேன்.

ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே கப்பில் தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுங்கள். நாளின் முடிவில் நீடிலை உருவித் துடைக்காமல் படுக்கப் போகாதீர்கள். உலர்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது.

முகமூடி கட்டாயம். அக்ரிலிக் தூசிக்கு என்95 போதும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரும் தின்னரும் அடித்தால் அது போதாது, ஆவியைப் பிடிக்கிற கரி கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். காட்மியம் கலந்த சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எதையும் ஏர்பிரஷில் ஊற்றவே வேண்டாம். அதன் துகள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. மீன்கொத்தியின் சிவப்பு அலகை நான் தூரிகையால் முடிப்பது அதனால்தான்.