பட்டுப்புடவையையும் காட்டன் சுடிதாரையும் பயணப் பெட்டியில் கசங்காமல் வைப்பது எப்படி?

கசங்கல் என்பது துணியின் இழை வளைந்த நிலையிலேயே படிந்துவிடுவது. பருத்தி இழை லேசான ஈரத்திலும் சூட்டிலும் இளகும். அப்போது அழுத்தம் விழுந்து ஆறிவிட்டால் வளைவு நிலைத்துவிடும். இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்கும் துணி சீக்கிரம் கசங்குவது இதனால்தான். பத்து நிமிடமாவது ஹேங்கரில் ஆறவிடுங்கள்.

அடுத்தது, வளைவின் கூர்மை. காகிதத்தை நகத்தால் நீவி மடித்தால் கோடு விழும், சுருட்டினால் விழாது. அதனால் சுடிதார், டி-ஷர்ட் எல்லாவற்றையும் சுருட்டலாம். பட்டுப்புடவைக்கு மட்டும் அது வேண்டாம். ஜரிகை என்பது நூலின்மேல் உலோக இழை சுற்றியது. ஒருமுறை நெளிந்தால் இஸ்திரிக்கும் முழுசாக நிமிராது. புடவையைப் பெரிய மடிப்புகளாக மடித்து, ஒவ்வொரு மடிப்பின் வளைவிலும் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைச் சுருட்டி வையுங்கள். பிறகு துணிப்பையில் போட்டு, பெட்டியின் மேல் அடுக்கில். செருப்பு, சார்ஜர் போன்ற கனமானவை சக்கரப் பக்கம். போய் இறங்கியதும் முதல் வேலையாகப் புடவையை எடுத்துத் தொங்கவிடுங்கள்.

பெட்டியைத் தளர்வாக அடுக்கினால் கசங்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காலியிடம் இருந்தால் துணி வழுக்கி ஒரு மூலையில் குவியும். அந்த இடத்தைத் துண்டால் நிரப்பி, உள்பட்டையை இழுத்து மாட்டுங்கள்.